ஆறாம் அதிகாரம்: துணைவினைகளில் குடியிருக்கும் மரியாதை

ஆங்கிலம் பயிலப் புகுந்த தமிழர்களுள் பெரும்பாலோர், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்னும் முக்காலத்தையும் அவற்றின் உட்பிரிவுகளையும் மனனம் செய்வதில் மாதக்கணக்காக உழைப்பார்கள். ஆனால் அந்த வினைகளுக்கு முன்னே நின்று, ஒரு வாக்கியத்தை ஆக்ஞையாகவோ வேண்டுகோளாகவோ, நிச்சயமாகவோ சந்தேகமாகவோ மாற்றிவிடும் ஆற்றல் படைத்த ஒன்பது சிறு சொற்களை, அகராதியில் ஒருமுறை பொருள் பார்த்ததோடு விட்டுவிடுவார்கள். 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்' என்பனவே அவ்வொன்பது சொற்கள். பள்ளிப் பாடநூல்கள் இவற்றை 'மோடல் ஆக்ஸிலரி' என்று வழங்கும். இவ்வதிகாரத்தில் மோடல் துணைவினை என்று குறிப்போம். 'ஆட் டு', 'நீட்', 'டேர்', 'யூஸ்ட் டு' என்னும் நான்கும் இவற்றின் இயல்பைப் பாதியளவு பெற்று, இவற்றின் எல்லையில் நிற்பவை.

தமிழில் நாம் ஒருவரை மதித்துப் பேசும்போது அந்த மதிப்பை எங்கே வைக்கிறோம் என்று சற்றே சிந்தித்துப் பார்த்தால், இச்சொற்களின் பெருமை விளங்கும். 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்று வினையின் ஈற்றிலும், 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று முன்னிலைப் பெயரிலும் நம்முடைய மரியாதை அமைந்துவிடுகிறது. ஆகையால் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்' என்று பெரியவர் ஒருவரிடம் ஏவல் வினையாலேயே சொன்னாலும் அதில் குறை காண்பார் இல்லை. இன்றைய ஆங்கிலத்துக்கோ 'யூ' என்னும் ஒரே முன்னிலைப் பெயர்தான் உண்டு. தொட்டிற் குழந்தையும் 'யூ'. நீதிமன்றத்துக்கு வெளியே சந்திக்கும் நீதிபதியும் 'யூ'. வினையின் ஈற்றிலும் ஏற்றத்தாழ்வு காட்ட வழியில்லை. அப்படியிருந்தும் ஆங்கிலேயர்கள் வினயமாகப் பேசுவதில் பெயர் பெற்றவர்களாக இருப்பதற்குக் காரணம், நாம் 'ங்கள்' என்னும் விகுதியில் வைக்கும் மதிப்பை அவர்கள் 'குட்', 'வுட்', 'மே' முதலான துணைவினைகளில் வைத்திருப்பதே. எனவே காலத்தில் பிழை செய்யும் அயல்நாட்டாரை, மொழி தெரியாதவர் என்று அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். துணைவினையில் பிழை செய்பவரையோ, மரியாதை தெரியாதவர் என்று தவறாக எண்ணிவிடுவார்கள். நல்ல உள்ளம் படைத்த நம்மவர் ஒருவர் இத்தகைய பழிக்கு ஆளாகக் கூடாதென்பதே இவ்வதிகாரத்தின் நோக்கம்.

பின்வரும் பகுதிகளைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளை வாசகர் எப்போதும் மனத்தில் கொள்ள வேண்டும். இதை யார் யாரிடம் சொல்கிறார் என்பது ஒன்று. சொல்பவருக்குத் தாம் சொல்வதில் எவ்வளவு நிச்சயம் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கண்டவருக்குத் துணைவினை தானே வந்து அமையும்.

1. அமைப்பு விதிகள்

விதிகள் நான்கே. அவற்றை விரைவில் கடந்துவிடலாம்.

முதலாவது, படர்க்கை ஒருமையில் பிற வினைகள் ஏற்கும் 'எஸ்' என்னும் எழுத்தை இவை ஏற்பதில்லை. 'ஷி ஸிங்ஸ்' என்பது சரி. 'ஷி கேன் ஸிங்' என்பதும் சரி. இரண்டாவதில் 'எஸ்' எங்கும் வராது. இவற்றுட் பல, பழைய ஆங்கிலத்திலேயே இறந்தகால வடிவத்தை நிகழ்காலப் பொருளில் வழங்கிய வினைகளின் வழிவந்தவை. இறந்தகால வடிவம் படர்க்கையில் மாறாததுபோல இவையும் மாறுவதில்லை.

இரண்டாவது, இவற்றின் பின் வினையின் மூலவடிவம் மட்டுமே வரும். இடையில் 'டு' வராது. 'ஐ மஸ்ட் டு கோ' என்பது பிழை. 'ஐ மஸ்ட் கோ' என்பதே வழக்கு. 'ஆட்', 'யூஸ்ட்' என்னும் இரண்டு மட்டும் 'டு'வைத் துணைக்கொண்டு வரும்.

மூன்றாவது, கேள்வி கேட்கும்போது இவை எழுவாய்க்கு முன்னே போய் நிற்கும். எதிர்மறையில் இவற்றின் பின் 'நாட்' சேரும். 'டூ', 'டஸ்', 'டிட்' என்பவற்றின் உதவி இவற்றுக்கு வேண்டியதில்லை.

நான்காவது, ஒரு துணைவினையின் பின் மற்றொன்று வராது. 'ஐ வில் கேன் கம்' என்று சொல்லலாகாது. 'ஐ வில் பி ஏபிள் டு கம்' என்று சொல்ல வேண்டும். இவ்விடத்தில் நம் நாட்டில் பெருவழக்காகிவிட்ட ஒரு பிழையைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 'ஐ கேன் ஏபிள் டு டூ இட்' என்று பட்டதாரிகளும் நேர்முகத் தேர்வில் சொல்கிறார்கள். 'ஏபிள்' என்பது வினையன்று, பெயரடை. அதற்கு முன் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' முதலியவற்றுள் ஒன்று வர வேண்டும். 'ஐ கேன் டூ இட்' என்றாவது, 'ஐ ஆம் ஏபிள் டு டூ இட்' என்றாவது சொல்லுக, இரண்டையும் கலவாதிருக்க.

2. வேண்டுகோள்

அலுவலகம் ஒன்றில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் பேனா தேவைப்படுகிறது. தமிழில் 'பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்' என்றாலே காரியம் முடிந்துவிடும். இதையே சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'கிவ் மி யுவர் பென்' என்று அறிமுகமில்லாத ஆங்கிலேயர் ஒருவரிடம் சொன்னால், அது காவலர் கைதியிடம் சொல்வதுபோல ஒலிக்கும். 'ப்ளீஸ்' என்னும் சொல்லை ஒட்டவைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். 'கிவ் மி யுவர் பென், ப்ளீஸ்' என்பது ஓரளவு மென்மைப்பட்ட ஆக்ஞையே தவிர வேண்டுகோள் ஆகிவிடாது. ஏனெனில் மறுப்பதற்கு அதில் இடமில்லை. வேண்டுகோளின் உயிர், கேட்கப்படுபவர் மறுக்கலாம் என்ற சுதந்திரத்தை அவருக்கு அளிப்பதில் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை வாக்கியத்தில் கொண்டுவருவதே துணைவினையின் தொழில்.

'கேன் யூ லெண்ட் மி யுவர் பென்?' என்பது நண்பர்களுக்கிடையிலும் சக ஊழியர்களுக்கிடையிலும் போதுமானது. 'குட் யூ லெண்ட் மி யுவர் பென்?' என்பது அறிமுகமில்லாதவரிடமும் மேலதிகாரியிடமும் தக்கது. 'குட்' என்பது வடிவத்தால் இறந்தகாலம். அது நிகழ்காலத்தை விட்டுச் சற்று விலகி நிற்பதால், கேட்பவரும் விலகி நின்று, வற்புறுத்தாமல் கேட்கிறார் என்ற குறிப்பு அதில் தோன்றுகிறது. 'வில்' என்பதைவிட 'வுட்' மென்மையானதும், 'மே' என்பதைவிட 'மைட்' தயக்கம் மிகுந்ததும் இந்தக் காரணத்தாலேயே.

இவற்றினும் வினயம் மிக்கது, 'வுட் யூ மைண்ட் லெண்டிங் மி யுவர் பென்?' என்னும் அமைப்பு. 'பேனாவைத் தருவதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பது இதன் பொருள். இதில் 'லெண்ட்' என்பது 'லெண்டிங்' என்று மாறுவதைக் கவனிக்க வேண்டும். விடையளிப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தர இசைபவர் 'நோ, நாட் அட் ஆல்' என்றே சொல்ல வேண்டும். நம்மவர் பேனாவை நீட்டிக்கொண்டே 'யெஸ்' என்று சொன்னால், கை தருகிறது, வாய் ஆட்சேபிக்கிறது என்ற விபரீதம் நேர்ந்துவிடும்.

'வேண்டும்' என்னும் தமிழ்ச் சொல்லும் நம்மை இவ்விஷயத்தில் இடறச் செய்கிறது. ரயில் நிலையத்தில் 'மதுரைக்கு இரண்டு டிக்கெட் வேண்டும்' என்பது முற்றிலும் மரியாதையான பேச்சு. அதை 'ஐ வாண்ட் டூ டிக்கெட்ஸ்' என்று ஆக்கினால், அடம் பிடிக்கும் குழந்தையின் சாயல் வந்துவிடும். 'ஐ வுட் லைக் டூ டிக்கெட்ஸ் டு மதுரை, ப்ளீஸ்' என்றோ, 'குட் ஐ ஹேவ் டூ டிக்கெட்ஸ் டு மதுரை?' என்றோ சொல்வதே முறை. கடையிலும், உணவு விடுதியிலும், தொலைபேசியில் ஒருவரை அழைக்கச் சொல்லும்போதும் 'ஐ வாண்ட்' என்று நாவில் எழுவதை 'ஐ வுட் லைக்' என்று மாற்றிக்கொள்ளும் ஒரு பழக்கமே ஒருவருடைய ஆங்கிலத்தைப் பெரிதும் பண்படுத்திவிடும்.

3. அனுமதியும் முன்வருதலும்

'மே ஐ கம் இன்?' என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வகுப்பறை வாசலில் நின்று கற்றுக்கொள்ளும் முதல் துணைவினை வாக்கியம் எனலாம். 'மே' அனுமதி கேட்பதற்குரிய சம்பிரதாயமான சொல். 'கேன்' என்பது ஆற்றலுக்கே உரியது, அனுமதிக்கு அதை வழங்கலாகாது என்று பழைய ஆசிரியர்கள் கண்டிப்புடன் கற்பித்தார்கள். ஆனால் இன்றைய அன்றாடப் பேச்சில் 'கேன் ஐ', 'குட் ஐ' என்பனவே மிகுதி. 'மே ஐ' என்பது சபையிலும், அலுவலகத்திலும், முன்பின் அறியாதவரிடமும் தன் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அனுமதியைக் கேட்பதற்கும் அளிப்பதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 'குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?' என்று ஒருவர் கேட்டால், 'யெஸ், யூ கேன்' என்றோ, 'ஆஃப் கோர்ஸ்' என்றோ விடை சொல்ல வேண்டும். 'யெஸ், யூ குட்' என்பது வழக்கன்று. கேட்பவருக்குத் தயக்கம் அழகு. கொடுப்பவர் தயங்கினால் அது அரைமனத்தைக் காட்டும்.

நாமே முன்வந்து ஓர் உதவியைச் செய்ய எண்ணும்போது தமிழில் 'ட்டுமா' என்கிறோம். அதற்கு நேரான ஆங்கிலம் 'ஷல் ஐ'. 'ஜன்னலைத் திறக்கட்டுமா?' என்பது 'ஷல் ஐ ஓபன் த விண்டோ?' ஆகும். இருவரும் சேர்ந்து செய்யும் காரியத்துக்கு நாம் 'போகலாமா?' என்று கேட்பதை 'ஷல் வி கோ?' என்று சொல்லலாம். எதிர்காலத்துக்கு 'ஷல்' அருகிவிட்ட இக்காலத்திலும், இவ்விரு கேள்விகளில் அது உயிருடன் விளங்குகிறது.

4. கட்டாயம், அறிவுரை, தடை

இது தமிழர்க்கு மிகவும் கடினமான பகுதி. ஏனெனில் ஆங்கிலம் பல சொற்களால் பகுத்துச் சொல்வதைத் தமிழ் 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லால் சொல்லி, எஞ்சியதைக் குரலுக்கும் சந்தர்ப்பத்துக்கும் விட்டுவிடுகிறது.

சொல்பவரே கட்டாயப்படுத்தும்போது 'மஸ்ட்' வரும். சட்டமோ, விதியோ, சூழ்நிலையோ கட்டாயப்படுத்தும்போது 'ஹேவ் டு' பெரும்பாலும் வரும். 'யூ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்று மருத்துவர் சொல்வார். அவரிடமிருந்து திரும்பிய நோயாளி தம் மனைவியிடம் 'ஐ ஹேவ் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்பார். முன்னதில் மருத்துவரின் அதிகாரம் ஒலிக்கிறது. பின்னதில் நோயாளிக்கு நேர்ந்த நிர்ப்பந்தம் ஒலிக்கிறது. ஆகையால் வயதிலோ பதவியிலோ மூத்தவரிடம் 'யூ மஸ்ட்' என்று தொடங்குவதை விலக்க வேண்டும். விருந்தோம்பலில் மட்டும் இதற்கு விதிவிலக்கு உண்டு. 'யூ மஸ்ட் கம் டு டின்னர்' என்று ஒருவரை அழைத்தால் அது அதிகாரமாகாது, அன்பின் வற்புறுத்தலாகவே கொள்ளப்படும்.

'ஷுட்' என்பதும் 'ஆட் டு' என்பதும் அறிவுரைக்கு உரியவை. 'செய்வது நல்லது' என்பதே இவற்றின் அளவு. 'ஷல்', 'ஷுட்' என்னும் இரண்டும், கடன்பட்டிருத்தலைக் குறித்த 'ஸ்குலன்' என்னும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தவை. பொருட்கடனைக் குறிக்கும் சொல்லே கடமையையும் குறிப்பது தமிழிலும் உள்ள நெறியாதலால், 'ஷுட்' என்பதில் உள்ள தார்மிகச் சாயல் நமக்கு எளிதில் புலப்படும். அறிவுரையும் மிகுந்தால் கசக்கும்; ஆகவே பெரியவர்களிடம் 'யூ ஷுட்' என்பதற்குப் பதிலாக 'யூ மைட் லைக் டு' என்று தொடங்குவது நாகரிகம்.

இனித் தடையைப் பார்ப்போம். ஒரு மருந்துக்கடையில் நடக்கும் சம்பாஷணையை எண்ணிக்கொள்க. இரண்டு வகை மாத்திரைகள் எழுதிய சீட்டைக் காட்டி, 'காய்ச்சல் இல்லாத நாளில் இந்த வெள்ளை மாத்திரையைச் சாப்பிட வேண்டாம்' என்கிறார் கடைக்காரர். தமிழில் இந்த 'வேண்டாம்' இருபொருள் படும். சாப்பிட்டால் தீங்கு என்றும் கொள்ளலாம், சாப்பிடத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்தே சொல்லும். 'யூ மஸ்ட் நாட் டேக் திஸ் டேப்லட்' என்றால், சாப்பிடவே கூடாது; 'யூ நீட் நாட் டேக் திஸ் டேப்லட்' என்றாலும், 'யூ டோண்ட் ஹேவ் டு டேக் திஸ் டேப்லட்' என்றாலும், சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. 'மஸ்ட்' என்பதன் எதிர்மறை 'அவசியமில்லை' என்று கருதி, 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று தம் விருந்தினரிடம் சொல்பவர், 'நாளைக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை' என்ற உபசாரத்தை, 'நாளைக்கு இங்கே வரக் கூடாது' என்ற விலக்காக மாற்றிவிடுகிறார். எனவே 'கூடாது' என்று தமிழில் மாற்றிச் சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் 'மஸ்ட் நாட்'. 'வேண்டியதில்லை' என்று மாற்றிப் பொருந்தினால் 'நீட் நாட்' என்று கொள்க. இவ்வதிகாரத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமானால் இதை வைத்துக்கொள்ளும்படி வாசகரை வேண்டிக்கொள்கிறேன்.

சட்ட நூல்களில் 'ஷல்' கட்டளையையும் 'மே' அதிகாரத்தையும் குறிக்கும். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் ஆங்கில மூலத்தில், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவு 'ஷல்' என்னும் சொல்லைக் கொண்டு அமைந்தது. அரசு மீற முடியாத கட்டளை அது. புதிய மாநிலங்களை அமைக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வழங்கும் 3ஆம் பிரிவோ 'மே' என்னும் சொல்லைக் கொண்டது. விரும்பினால் செய்யலாம் என்பது அதன் கருத்து. வாடகை ஒப்பந்தமோ, வேலை நியமன உத்தரவோ கைக்கு வரும்போது, எந்த வரியில் 'ஷல்' இருக்கிறது, எந்த வரியில் 'மே' இருக்கிறது என்று கோடிட்டுப் பார்ப்பவர், தம் கடமை எது, மற்றவரின் விருப்பம் எது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வார்.

5. நிச்சயத்தின் படிகள்

நண்பர் ஒருவர் அலுவலகத்துக்கு வரவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார்கள். நமக்கு நேரில் தெரியாது; ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஊகம் எவ்வளவு உறுதியானது என்பதை ஆங்கிலத்தில் துணைவினையே அறிவித்துவிடும்.

அவருடைய வண்டி வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்பார். வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது சான்றிலிருந்து பிறந்த முடிவு. அவருடைய அன்றாடப் பழக்கத்தை அறிந்தவர், 'ஹி வில் பி அட் ஹோம்' என்பார். இது நமக்கு மிகவும் அணுக்கமான வழக்கு. 'இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்று தமிழிலும் எதிர்கால வினையாலேயே நிகழ்காலத்தை ஊகிக்கிறோம் அல்லவா? வழக்கம்போல எல்லாம் நடந்திருந்தால் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், 'ஹி ஷுட் பி அட் ஹோம்' என்பார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று கருதுபவர், 'ஹி மே பி அட் ஹோம்' என்பார்; இன்னும் ஐயம் மிகுந்தவர் 'மைட்' என்றோ 'குட்' என்றோ சொல்வார். சற்று முன்புதான் அவரைக் கடைத்தெருவில் கண்டவர், 'ஹி கான்ட் பி அட் ஹோம்' என்று அடித்துச் சொல்வார்.

ஊகத்தில் 'மஸ்ட் பி' என்பதற்கு எதிரானது 'கான்ட் பி' என்பதை மறக்கலாகாது. எழுதும்போது 'மே பி' என்று இரு சொல்லாக எழுதினால் அது வினை. 'மேபி' என்று ஒரு சொல்லாக எழுதினால் 'ஒருவேளை' என்னும் பொருள்படும் வினையடை. 'ஹி மேபி அட் ஹோம்' என்பது இக்காரணத்தால் பிழை.

தமிழில் 'லாம்' என்னும் ஈறு, அனுமதி, சாத்தியம், யோசனை என்ற மூன்றையும் சுமக்கிறது. 'நீங்கள் போகலாம்' என்பது அனுமதி. 'மழை வரலாம்' என்பது சாத்தியம். 'நாம் சாப்பிடலாம்' என்பது யோசனை. ஆங்கிலத்தில் முதலதற்கு 'கேன்' அல்லது 'மே', இரண்டாவதற்கு 'மே' அல்லது 'மைட்', மூன்றாவதற்கு 'லெட் அஸ்' அல்லது 'ஷல் வி' என்று வேறு வேறு சொற்கள் வரும். 'இட் கேன் ரெயின் டுடே' என்று நம்மவர் எழுதுவது இந்த 'லாம்' செய்யும் மயக்கமே. 'இட் மே ரெயின் டுடே' என்பதே சரி.

6. எதிர்காலமும் நிபந்தனையும்

ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ், 1653ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், தன்மையில் 'ஷல்' என்பது வெறும் எதிர்காலத்தையும் 'வில்' என்பது உறுதியையும் குறிக்கும் என்றும், முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாக மாறும் என்றும் விதி வகுத்தார். அவ்விதி பல தலைமுறைகளாக நம் பள்ளிகளிலும் கற்பிக்கப்பட்டது. இன்று 'வில்' மூவிடத்தும் எதிர்காலத்துக்கு வழங்குகிறது. மாணவர்கள் அதையே தயங்காமல் கைக்கொள்ளலாம். விடுப்பு விண்ணப்பத்தின் இறுதியில் வரும் 'ஐ ஷல் பி க்ரேட்ஃபுல்' போன்ற சம்பிரதாயத் தொடர்களில் பழைய 'ஷல்' நிலைத்திருப்பதும் குற்றமன்று.

'வுட்' என்பதை வெறும் எதிர்காலத்துக்கு வழங்குவது நம் அலுவலகக் கடிதங்களில் பெருகிவரும் தவறு. 'ஐ வுட் பி கமிங் டுமாரோ' என்று எழுதினால், படிப்பவர் 'ஏதேனும் தடை இல்லாதிருந்தால் வந்திருப்பார் போலும்' என்று எண்ணி, அதற்கடுத்த வாக்கியத்தில் ஓர் 'ஆனால்' வருமென்று காத்திருப்பார். நிச்சயமாக வருபவர் 'ஐ வில் கம் டுமாரோ' என்றே எழுத வேண்டும். 'வுட்' என்பதற்கு உரிய இடம் நிபந்தனை: 'இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை த ஹவுஸ்'. பணம் இருந்தால் வீட்டை வாங்குவேன். இப்போது இல்லை என்பது குறிப்பு.

7. கடந்துபோனவை

'முடிந்தது' என்னும் தமிழ்ச் சொல்லைக் கண்டவுடன் 'குட்' என்று எழுதிவிடலாகாது. 'இளமையில் என்னால் மூன்று மைல் ஓட முடிந்தது' என்று நெடுநாள் இருந்த ஆற்றலைச் சொல்லும்போது 'குட்' பொருந்தும்: 'ஐ குட் ரன் த்ரீ மைல்ஸ்'. ஒரு குறிப்பிட்ட சமயத்தில் முயன்று முடித்த காரியத்துக்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வர வேண்டும்: 'நேற்றுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது' என்பது 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த லாஸ்ட் பஸ்' ஆகும். எதிர்மறையில் இந்த வேறுபாடு இல்லை. 'குட் நாட்' இரண்டிடத்தும் செல்லும்.

'மஸ்ட்' என்பதே ஆதியில் ஓர் இறந்தகால வடிவமாதலால் அதற்கு வேறு இறந்தகாலம் கிடையாது. 'போக வேண்டியிருந்தது' என்பதை 'ஐ ஹேட் டு கோ' என்று சொல்ல வேண்டும். 'மஸ்ட் ஹேவ் கான்' என்பது கட்டாயத்தைக் குறிக்காது; 'போயிருக்க வேண்டும்' என்ற ஊகத்தைக் குறிக்கும்.

துணைவினையோடு 'ஹேவ்' சேர்ந்து, பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும் அமைப்பு, மனிதனுடைய வருத்தங்களையும் நிந்தனைகளையும் சுமப்பதற்கென்றே ஏற்பட்டதோ என்று தோன்றும். 'யூ ஷுட் ஹேவ் டோல்ட் மி' என்றால், சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 'யூ குட் ஹேவ் டோல்ட் மி' என்றால், சொல்லியிருக்கலாம், வாய்ப்பு இருந்தும் சொல்லவில்லை. 'யூ நீட் நாட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்றால், அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் சொல்லிவிட்டீர். மூன்றும் நடந்துபோன காரியத்தைத் திருத்த முடியாத நிலையில் பிறப்பவை. ஆகையால் பிறரிடம் வழங்கும்போது அளவறிந்து வழங்க வேண்டும்.

முன்பு வழக்கமாக இருந்து இப்போது நின்றுபோனதற்கு 'யூஸ்ட் டு' வரும்: 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் தஞ்சாவூர்'. 'ஐ யூஸ் டு கெட் அப் எர்லி' என்று இன்றைய வழக்கத்தைச் சொல்வது பிழை. 'ஐ யூஷுவலி கெட் அப் எர்லி' என்பதே சரி.

8. உச்சரிப்பு

'குட்', 'ஷுட்', 'வுட்' என்னும் மூன்றின் எழுத்தில் உள்ள 'எல்' ஒலிப்பதில்லை. 'குட்' என்பதற்கு ஆதியில் அவ்வெழுத்து இல்லை; மற்ற இரண்டைப் பின்பற்றிப் பிற்காலத்தில் புகுந்தது.

உடன்பாட்டு வாக்கியத்தில் 'கேன்' அழுத்தமின்றி, 'கன்' என்பதுபோலக் குறுகி ஒலிக்கும். அழுத்தம் அடுத்த வினையின்மேல் விழும். எதிர்மறையான 'கான்ட்' அழுத்தம் பெற்று ஒலிக்கும். நாம் எல்லாச் சொற்களுக்கும் சம அழுத்தம் கொடுத்துப் பேசுவதாலும், இறுதியிலுள்ள 'ட்' தேய்ந்துவிடுவதாலும், 'முடியும்' என்று நாம் சொன்னதை 'முடியாது' என்று கேட்பவர் கொள்ள நேரிடுகிறது. தொலைபேசியில் பேசும்போது ஐயம் வருமாயின் 'கேனாட்' என்று முழுமையாகச் சொல்வது நன்று.

பயிற்சி

கீழுள்ள வாக்கியங்களை ஆங்கிலத்தில் முதலில் தாமே சொல்லிப் பார்த்து, பின்னர் விடையோடு ஒப்பிடுக.

1. வெளியூர்ப் பெரியவரின் பெட்டியைப் பார்த்து: 'இதை நான் தூக்கி வரட்டுமா?'
2. நம்மைக் கண்டு எழ முயலும் முதியவரிடம்: 'நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.'
3. தம்பியிடம்: 'இந்தக் கம்பியைத் தொடக் கூடாது.'
4. வங்கி அதிகாரியிடம்: 'இந்தப் படிவத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.'
5. விளக்கு அணைந்திருக்கும் வீட்டைப் பார்த்து: 'தூங்கப் போயிருப்பார்கள்.'
6. நெடுநேரம் முயன்றபின்: 'கதவைத் திறக்க முடிந்தது.'

விடைகள்: முதலாவது, 'ஷல் ஐ கேரி திஸ் ஃபார் யூ?'; நாமே முன்வருவதால் 'ஷல் ஐ'. இரண்டாவது, 'யூ நீட் நாட் கெட் அப்'. 'மஸ்ட் நாட்' என்றால் அவரை அதட்டியதாகிவிடும். மூன்றாவது, 'யூ மஸ்ட் நாட் டச் திஸ் வயர்'. ஆபத்து இருப்பதால் கண்டிப்பே தக்கது. நான்காவது, 'குட் யூ எக்ஸ்ப்ளெயின் திஸ் ஃபார்ம் டு மி, ப்ளீஸ்?', 'சொல்லுங்கள்' என்பதிலுள்ள மரியாதை 'குட்' என்பதில் வந்து அமைகிறது. ஐந்தாவது, 'தே மஸ்ட் ஹேவ் கான் டு பெட்'. அணைந்த விளக்கு சான்றாக இருப்பதால் 'மஸ்ட்' பொருந்தும். பழக்கத்தை எண்ணிச் சொன்னால் 'வில் ஹேவ் கான்' என்பதும் சரியே. ஆறாவது, 'ஐ வாஸ் ஏபிள் டு ஓபன் த டோர்'. முயன்று முடித்த ஒரே காரியமாதலால் 'குட்' பொருந்தாது.

இவ்வாறே ஒவ்வொரு நாளும் இரவில், அன்று தமிழில் பிறரிடம் கேட்ட வேண்டுகோள்களுள் சிலவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த மனிதர் நமக்கு என்ன உறவு என்பதைக் குறித்து, அந்த உறவுக்கு ஏற்ற துணைவினையைத் தேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதே வாக்கியத்தை நண்பனிடமும், மேலதிகாரியிடமும், அறிமுகமில்லாதவரிடமும் சொல்வதாகப் பாவித்து மூன்று விதமாக எழுதுவது இன்னும் பயன் தரும். விதிகளை ஒப்புவிப்பதைவிட இந்தப் பழக்கமே சிறந்தது. தமிழில் யாரிடம் 'நீ' என்றும் யாரிடம் 'நீங்கள்' என்றும் சொல்வது என்பதை நாம் இலக்கண நூலில் கற்கவில்லை, மனிதர்களைப் பார்த்தே கற்றோம். ஆங்கிலத்தின் துணைவினைகளும் அவ்வழியிலேயே கைவரும்.